தண்டவாளத்தில் இறங்கப் போகும் பிள்ளைகளுக்கு

எங்கள் காரைதீவுக்கு ரயில் கிடையாது. மாகோவிலிருந்து கல்லோயா, பொலன்னறுவை வழியாக வந்த பாதை 1928 இல் மட்டக்களப்பில் நின்றது. இன்றும் அங்கேதான் நிற்கிறது. கோச்சி பிடிக்க நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போகிறோம். ஆனாலும் காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனை, நிந்தவூர் என்று இந்தக் கரைநெடுகிலும் இருந்து பிள்ளைகள் புகையிரதத் திணைக்கள வேலைக்குப் போகிறார்கள். தண்டவாளப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்பதால், நியமனக் கடிதம் கிடைத்த தம்பிமார் சிலர் வீடு தேடி வந்து என்ன கவனிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னதை எழுதித் தருகிறேன்.

சம்பளம், இடமாற்றம், பதவி உயர்வு பற்றி இதில் ஒன்றும் இல்லை. உயிரைப் பற்றி மட்டும்தான். நம் நாட்டிலும் வெளிநாட்டிலும் நடந்த ரயில் விபத்துகளின் விசாரணைகளை வாசித்து வருபவன் நான். அவற்றில் திரும்பத் திரும்ப வருவது ஒரே சங்கதி. அனுபவமுள்ள, நல்ல மனிதர்கள் நாலைந்து பேர் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். பார்க்க வேண்டியதை மற்றவர் பார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நம்புகிறார்கள். ஒருவரும் பார்க்கவில்லை. கீழே உள்ள ஒவ்வொன்றும் அந்த நம்பிக்கையிலிருந்து உங்களைக் காப்பாற்றத்தான்.

1. காதை நம்பித் தண்டவாளத்தில் இறங்காதீர்கள்.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு வினாடியில் 22 மீட்டர் கடக்கிறது. வளைவில் 200 மீட்டர் தூரத்தில் அது தலைகாட்டினால் உங்களுக்கு இருப்பது ஒன்பது வினாடி. அதற்குள் கையில் இருப்பதைப் போட்டு, பக்கத்தில் குனிந்து நிற்பவரைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் விலக வேண்டும். பிரித்தானியாவில், ரயில் வந்து சேர குறைந்தது பத்து வினாடிக்கு முன்பே தொழிலாளி பாதுகாப்பான இடத்தில் நின்றாக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் அந்த வளைவில் வேலையே தொடங்கக் கூடாது. ஒன்று, வளைவுக்கு அப்பால் ஆள் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் அந்தப் பகுதியில் ரயிலை மறித்த பிறகுதான் இறங்க வேண்டும்.

அந்த விதி இருந்த நாட்டிலேயே, 2019 ஜூலை 3 அன்று வேல்ஸின் மார்கம் என்ற இடத்தில் இரண்டு பாதைத் தொழிலாளர்களை ரயில் அடித்துக் கொன்றது. மூன்றாமவர் மயிரிழையில் தப்பினார். அவர்கள் இரைச்சலான இயந்திரத்தால் மரையாணி கழற்றிக்கொண்டிருந்தார்கள். இரைச்சலுக்காகக் காதுமூடி போட்டிருந்தார்கள். சாரதி ஹோர்ன் அடித்தார். ரயில் பார்க்க ஒருவரும் நிறுத்தப்பட்டிருக்கவில்லை.

ரயில் பார்க்க நிறுத்தப்பட்டவரின் கையில் கொடியும் விசிலும் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. கைப்பேசி கூடாது. "கொஞ்சம் இதைப் பிடிங்க காக்கா" என்று அவரைக் கூப்பிடுவதும் கூடாது. அவர் வேலை செய்யாமல் நிற்பதாகத் தோன்றும். அங்கே மிகப் பெரிய வேலை செய்பவர் அவர்தான்.

2. கையில் வந்த டெப்லட்டை வாசியுங்கள்.

இது சாரதி, உதவியாளர், காட், நிலைய அதிபர் எல்லாருக்கும். மட்டக்களப்புப் பாதை ஒற்றைத் தண்டவாளப் பாதை. எதிரும் புதிருமாக வரும் ரயில்கள் நிலையங்களில்தான் விலகிக்கொள்ள வேண்டும். இரண்டு நிலையங்களுக்கு இடையிலுள்ள துண்டுக்குள் நுழைய, அந்தத் துண்டுக்குரிய அனுமதி வில்லையான டெப்லட் சாரதியின் கையில் இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் வெளியே எடுக்க முடியாதபடி இரு நிலையத்து டெப்லட் பெட்டிகளும் மின்சாரத்தால் பூட்டப்பட்டிருக்கும்.

அந்தப் பெட்டி சும்மா வந்ததல்ல. 1874 செப்டெம்பரில் இங்கிலாந்தின் நோரிச் நகருக்குப் பக்கத்தில் தோர்ப் என்ற இடத்தில், ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தார்கள். காரணம், அதிகாரியின் கையொப்பம் இல்லாமலே அனுப்பப்பட்ட ஒரு தந்தி. எட்வர்ட் டயர் என்பவர் 1878 இல் இந்த டெப்லட் முறையை உருவாக்கியது அதற்குப் பிறகுதான். மனிதரின் ஞாபகத்தையும் வாய்ச்சொல்லையும் நம்பாத பெட்டி அது.

அந்தப் பெட்டி இருந்தும் செத்தார்கள். 1921 ஜனவரி 26, வேல்ஸின் அபர்மூல் என்ற சின்ன நிலையம். எல்லா இடமும் நிற்கும் ரயில் ஒன்று ஒரு பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து கடுகதி வந்துகொண்டிருந்தது. இரண்டும் அபர்மூலில் விலக வேண்டும். நின்ற ரயிலின் சாரதி, தான் கடந்து வந்த துண்டின் டெப்லட்டை நிலையத்து இளைஞரிடம் கொடுத்தார். அது பெட்டிக்குள் போகவில்லை. கைமாறிப் பதில் நிலைய அதிபரிடம் போனது. அவர் அதை அடுத்த துண்டின் டெப்லட் என்று எண்ணி, பார்க்காமலே சாரதியிடம் திருப்பிக் கொடுத்தார். சாரதியும் பார்க்காமல் வாங்கிப் புறப்பட்டார். தான் கொடுத்த அதே டெப்லட்டையே அவர் வாங்கிக்கொண்டார். கடுகதி சரியான டெப்லட்டோடு எதிரே வந்தது. 17 பேர் மாண்டார்கள்.

டெப்லட்டின் மேல் நிலையப் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கும். வாசிக்க இரண்டு வினாடி போதும். அன்று அதைத் தொட்ட எவரும் அந்த இரண்டு வினாடியைச் செலவழிக்கவில்லை. இருட்டென்றால் டோர்ச் அடித்து வாசியுங்கள். மழையென்றால் துடைத்து வாசியுங்கள். கொடுப்பவர் உங்கள் சொந்த மச்சானாக இருந்தாலும் வாசியுங்கள்.

3. பார்த்ததை விரலால் சுட்டி, வாயால் சொல்லுங்கள்.

ஜப்பானிய ரயில் ஊழியர்கள் சமிக்ஞையைக் கண்டதும் கையை நீட்டிச் சுட்டி, அதன் நிலையை உரக்கச் சொல்வார்கள். தனியாக இருந்தாலும் சொல்வார்கள். முதல்முறை பார்க்கும் நம்மவருக்குச் சிரிப்பு வரும். 1994 இல் அங்குள்ள ரயில் ஆராய்ச்சி நிறுவனம் சோதித்தபோது, சுட்டிச் சொன்னவர்களின் தவறுகள் ஏறக்குறைய ஆறில் ஒன்றாகக் குறைந்தன. கண் பழகிப் போகும். நேற்றுப் பச்சை, முந்தாநாள் பச்சை என்றால் இன்றைய சிவப்பையும் கண் பச்சை என்று கடந்துவிடும். கையும் வாயும் சேர்ந்தால் மனம் அந்த இடத்துக்கு வந்தே ஆக வேண்டும். சாரதியும் உதவியாளரும் ஒருவருக்கொருவர் சமிக்ஞையைச் சொல்லிக்கொள்ளும் பழைய வழக்கம் நம்மிடமும் உண்டு. யாராவது கேலி பண்ணினால் பண்ணட்டும். விடாதீர்கள்.

4. டெலிபோனை விட்டு எல்லாரும் வெளியே போகாதீர்கள்.

2004 டிசம்பர் 26 ஐப் பற்றி இந்தக் கரையில் பிறந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். காரைதீவில் கடலோரத் தெருக்கள் இருந்த இடம் தெரியாமல் போயின. ஒரு வீட்டில் ஒருவராவது போகாத தெரு குறைவு.

அன்று காலை கொழும்பிலிருந்து மாத்தறைக்குப் போன சமுத்திரதேவி ரயில் பெரலியவில் அகப்பட்டது. 1,700 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலகில் ஒரே ரயிலில் இத்தனை உயிர் போனது அதற்கு முன் இல்லை என்று சொல்லப்படுகிறது. முதல் அலையில் ரயில் நின்றது. ஊர்ச்சனம் பாதுகாப்பென்று நம்பி அதன்மேல் ஏறினார்கள். இரண்டாவது அலை பெட்டிகளை உருட்டியது. இவ்வளவும் எல்லாரும் அறிந்தது.

ரயில் வேலைக்காரர் அறிந்திருக்க வேண்டியது அதற்கு முந்திய சில நிமிடங்கள். மருதானைக் கட்டுப்பாட்டு அறைக்குக் கடல் கொந்தளித்த செய்தி கிடைத்தது. வேறு ரயில்களை நிறுத்தினார்கள். இந்த ரயிலை அம்பலாங்கொடையில் நிறுத்த டெலிபோன் எடுத்தார்கள். மணி அடித்தது. நிலையத்து ஆட்கள் எல்லாரும் அந்த ரயிலின் வேலையாக மேடையில் நின்றார்கள். எடுக்க ஆள் இல்லை. எடுத்தபோது ரயில் புறப்பட்டுவிட்டது.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. போயா நாள், விடுமுறைக் கூட்டம், நிரம்பி வழிந்த ரயில். கண்முன் இருந்த வேலையைத்தான் செய்தார்கள். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கடல் எங்கள் கிழக்குக் கரையை அடித்து அரை மணி நேரத்துக்கும் மேலான பிறகுதான் பெரலியவை அடித்தது. நாங்கள் பிள்ளைகளைத் தேடி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த ரயில் இன்னும் பத்திரமாக ஓடிக்கொண்டிருந்தது. நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் செய்தி போய்ச் சேர நேரம் இருந்தது. கடைசி முனையில் ஒரு டெலிபோன் எடுபடவில்லை.

ஆகவே நிலையத்தில் எவ்வளவு நெரிசல் வந்தாலும் ஒருவர் டெலிபோனுக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும். அவர் யார் என்று ரயில் வருவதற்கு முன்பே பெயர் சொல்லி வைக்க வேண்டும். ஆள் போதாது என்றால் அதை எழுத்தில் மேலே அறிவியுங்கள். திரும்பத் திரும்ப அறிவியுங்கள்.

5. சிவப்புக் கொடி, இரவென்றால் சிவப்பு விளக்கு, தண்டவாளத்தில் வைக்கும் வெடி. இவை இல்லாமல் பாதையில் காலடி வைக்காதீர்கள். தண்டவாளம் உடைந்திருப்பதைக் கண்டால் முதல் வேலை அதைச் சரிசெய்வதல்ல, ரயிலை நிறுத்துவது. கொடி கையில் இல்லாத வேளை வந்தால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி நில்லுங்கள். எந்தப் பொருளையும் வேகமாக வீசி ஆட்டினாலும் சாரதி நிறுத்துவார்.

6. மாரியில் தண்ணீரைப் பாருங்கள், தண்டவாளத்தை அல்ல.

கார்த்திகை பிறந்தால் எங்கள் பக்கம் வானம் திறந்துவிடும். 2011 ஜனவரியில் கிழக்கு முழுவதும் வெள்ளக்காடாகக் கிடந்ததை நீங்களே கண்டிருப்பீர்கள். தண்டவாளம் மேலே நேராகத்தான் தெரியும். அதன் அடியில் மண் போய்க்கொண்டிருக்கும். வெள்ளம் வந்து மோதும் பக்கத்தை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் தண்ணீர் வெளியேறும் பக்கத்தில் இறங்கிப் பாருங்கள். கலங்கிய நீர் பாதை அணையின் அடியிலிருந்து ஊறினால், கல் சரிந்து சிலிப்பர் கட்டை அந்தரத்தில் தொங்கினால், மதகின் வாயில் மரமும் செத்தையும் அடைத்திருந்தால் ரயிலை விடாதீர்கள்.

1956 நவம்பர் 23 அதிகாலையில், தமிழ்நாட்டில் அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் அரித்துப் போயிருந்தது. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அதன்மேல் ஏறியது. 140 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய இந்திய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அவருடைய பதவி விலகலை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த இரவில் அந்தப் பாலத்தடியில் ஒருவர் விளக்கோடு நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நீங்கள் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று, நமக்கு மிகக் கிட்டியது. 1964 டிசம்பர் 22 புயல் இரவில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயில். தலைமன்னாரிலிருந்து கப்பலேறிப் போன நம் முன்னோருக்கு அந்தப் பாதை சொந்தப் பாதை. அதே புயல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் வதைத்தது. தனுஷ்கோடிக்கு முன்னால் கைகாட்டி வேலை செய்யவில்லை. சாரதி சற்று நேரம் காத்திருந்துவிட்டு, விசிலடித்து ரயிலை நகர்த்தினார் என்று சொல்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடல் அந்த ரயிலை எடுத்துக்கொண்டது. கைகாட்டி பேசாவிட்டால் அதுவும் ஒரு பேச்சுத்தான். அதற்கு ஒரே பொருள், நில் என்பது.

7. வெயிலும் நோன்பும்.

ஒரு கிலோமீட்டர் நீள இரும்புத் தண்டவாளம், வெப்பம் 30 பாகை ஏறினால் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் நீள முயலும். நீள இடம் இல்லையென்றால் பக்கவாட்டில் பாம்பாக நெளியும். வெலிக்கந்தை, புணானைப் பக்கம் மத்தியானத்தில் தண்டவாளத்தைத் தொட முடியாது. ஆகவே கடும் வெயில் நேரத்தில் கல்லைக் கிளறி, தண்டவாளங்களை இணைக்கும் பிஷ்பிளேட்டைக் கழற்றிப் பாதையின் பிடியைத் தளர்த்தும் வேலையைத் தொடங்காதீர்கள். அதிகாலையில் செய்யுங்கள்.

மனித உடம்புக்கும் இதுவே. பாதை வேலைக் குழுவான கேங்கில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒன்றாக இருப்பார்கள். ரமழானில் நோன்போடு வரும் தம்பிக்குப் பாரம் தூக்கும் வேலையை விடியற்காலையில் கொடுத்து, மத்தியானத்தில் நிழல் வேலை கொடுங்கள். அவர் "பரவாயில்லை, செய்றன்" என்றுதான் சொல்வார். ஆனாலும் கங்காணி முடிவெடுக்க வேண்டும். தலைசுற்றித் தண்டவாளத்தில் விழுந்தால் அவர் மட்டும் விழுவதில்லை.

8. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே, இரண்டும் அசையாமல் நின்ற பிறகே நுழையுங்கள்.

பெட்டி கோர்ப்பவர்களின் கைகளைப் பாருங்கள் என்று ஒருகாலத்தில் அமெரிக்காவில் சொல்வார்கள். விரல் குறைந்திருந்தால் அனுபவசாலி என்று அர்த்தமாம். எலி ஜேனி என்பவர் தானாகவே கோர்த்துக்கொள்ளும் கொக்கிக்கு 1873 இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். கம்பனிகள் செலவென்று தயங்கின. 1893 இல் சட்டம் வந்து கட்டாயப்படுத்திய பிறகே விரல்கள் தப்பின. மருந்து தெரிந்த பிறகும் இருபது வருடம் மனிதர் நசுங்கினார்கள்.

நம்முடைய பெட்டிகள் பலவற்றில் இன்றும் பஃபரும் திருகு இணைப்பும்தான். ஆள் உள்ளே போய்த்தான் கோர்க்க வேண்டும். சாரதிக்கு நீங்கள் தெரிய வேண்டும், உங்கள் கைச்சைகை தெரிய வேண்டும். சைகை மறைந்தால் சாரதி உடனே நிறுத்த வேண்டும். குனிந்து நுழையுங்கள், குனிந்தே வெளியே வாருங்கள். சறம் கட்டிக்கொண்டு, செருப்புப் போட்டுக்கொண்டு இந்த வேலைக்குப் போகக் கூடாது.

9. நின்ற சக்கரத்தை நம்ப வேண்டாம். 2004 பெப்ரவரி 15, இங்கிலாந்தின் டீபேயில், பிரேக் வேலை செய்யாதபடி துண்டிக்கப்பட்ட ஒரு தண்டவாள வண்டி மரத்துண்டு முட்டோடு சரிவில் நிறுத்தப்பட்டிருந்தது. அது இருட்டில் சத்தமில்லாமல் உருண்டு பல கிலோமீட்டர் ஓடி, கீழே வேலை செய்துகொண்டிருந்த நாலு பேரைக் கொன்றது. ட்ரொலியைத் தண்டவாளத்தில் வைக்கும் முன் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். வேலை முடிந்தால் தண்டவாளத்தை விட்டே தூக்கி வையுங்கள்.

10. தூக்கம்.

இதை மனக்கொதிப்போடுதான் எழுதுகிறேன். மேலதிக நேரக் காசுக்காகவும் ஆள் பற்றாக்குறைக்காகவும் இரவும் பகலும் தொடர்ந்து வேலை பார்ப்பதை வீரம் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். வீட்டில் குமர் இருக்கும், வீட்டுக் கடன் இருக்கும். தெரியும் எனக்கு.

1988 டிசம்பர் 12, இலண்டன் கிளப்பாம் சந்தி. சமிக்ஞைக் கம்பி மாற்றும் வேலையில் ஒரு பழைய கம்பி வெட்டி ஒதுக்கப்படாமல் தொங்கியது. அது தொடக் கூடாத இடத்தைத் தொட்டதால், சிவப்பு விழ வேண்டிய இடத்தில் சிவப்பு விழவில்லை. 35 பேர் இறந்தார்கள். அந்த வேலையைச் செய்தவர் பதின்மூன்று வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விடுமுறை எடுத்திருந்தார். அவர் வேலையை இன்னொருவர் தனியாகப் பரிசோதிக்கவும் இல்லை. ஒரு தொழிலாளியின் தலையில் பழியைப் போட்டு முடிக்காமல், வேலை நேரத்தையும் பரிசோதனை முறையையும் கேள்வி கேட்டது அந்த விசாரணை. அதனால்தான் அதை மதிக்கிறேன்.

2023 ஜூன் 2 அன்று ஒடிசாவில், பாலசோர் மாவட்டத்தின் பஹனாகா பஜாரில் 290 க்கும் மேற்பட்டோர் இறந்ததும் சமிக்ஞைக் கம்பியில் நடந்த தவறான இணைப்பால்தான். ரயில் கடவையொன்றின் தடுப்பு மாற்றும் வேலை நடந்திருந்தது. நேர்ப்பாதைக்குச் சமிக்ஞை விழுந்தது. பாதையோ பக்கப்பாதைக்குத் திரும்பியிருந்தது. 35 வருடம் கழித்து, வேறொரு கண்டத்தில், அதே வகைத் தவறு.

கம்பி தொட்டவர் தாமே "சரி" சொல்லக் கூடாது. கம்பி தொடாத இன்னொருவர் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். நித்திரை இல்லாமல் வந்தால் மேலதிகாரியிடம் சொல்லுங்கள். ஒருநாள் சம்பளம் போகட்டும்.

11. தவறு நடந்தால் மறைக்காதீர்கள். மறைக்கத் தூண்டும் தண்டனையையும் கொடுக்காதீர்கள்.

முதல் பாதி உங்களுக்கு. இரண்டாவது பாதி, நாளைக்கு நீங்கள் மேற்பார்வையாளராக வரும்போது. 2005 ஏப்ரல் 25, ஜப்பானின் அமாகசாகி. 23 வயதுச் சாரதி முந்திய நிலையத்தில் மேடையைத் தாண்டி எழுபது மீட்டரளவு போய்விட்டார். எட்டு மீட்டர் என்று குறைத்துச் சொல்லும்படி காட்டிடம் வேண்டினார். அந்தக் கம்பனியில் தவறு செய்த சாரதிகளை அவமானப்படுத்தும் "மறுபயிற்சி" ஒன்று இருந்தது. அவருக்கு அந்தப் பயம். தாமதம் ஒன்றரை நிமிடமளவு. அதைப் பிடிக்க, 70 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய வளைவில் 116 இல் போனார். அவரோடு சேர்த்து 107 பேர் போனார்கள்.

தன் தவறைத் தானே வந்து சொல்லும் பிள்ளையை ஏசி அனுப்பினால் அடுத்த பிள்ளை வந்து சொல்லமாட்டான். தவறு மட்டும் நடந்துகொண்டே இருக்கும். ஸ்கொட்லாந்தில் 1996 இல், பெயர் வெளிவராமல் ரயில் ஊழியர் ஆபத்துகளை அறிவிக்க ஒரு ஏற்பாடு தொடங்கி, பின்னர் பிரித்தானியா முழுவதும் பரவியது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்குக் காட்டும் ஒற்றுமையை இதற்கும் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

12. சிங்களத்தில் எச்சரிக்கையைக் கேட்கப் பழகுங்கள்.

1987 இன் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாயிற்று. பாதுகாப்புச் சுற்றறிக்கையும் பயிற்சியும் தமிழில் தரும்படி கேட்பது உங்கள் உரிமை. கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். விளங்காத விதியில் கையொப்பமிடாதீர்கள்.

ஆனால் மாகோவிலோ கல்லோயாவிலோ உங்களுக்குப் பின்னால் ரயில் வரும்போது, பத்து மீட்டர் தள்ளி நிற்கும் சிங்களத் தோழர் தன் தாய்மொழியில்தான் கத்துவார். "கோச்சிய எனவா" என்றால் ரயில் வருகிறது. "நவத்தன்ன" என்றால் நிறுத்து. இவை காதில் விழுந்ததும் கால் தானாக விலக வேண்டும். அதேபோல அவருக்கு நீங்கள் "கோச்சி வருது, விலகு" என்பதைச் சொல்லிக் கொடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிப் பழகுங்கள். என் காலத்தில் நான் கண்ட நல்ல கேங்குகள் எல்லாம் இப்படித்தான் இருந்தன.

13. யானை.

ஹபரணை, கல்லோயா, மின்னேரியா, வெலிக்கந்தைப் பகுதியில் ஓட்டப் போகும் தம்பிமாருக்கு. இந்தப் பாதை காட்டுக்குள் போட்ட பாதை. பாதை முழுதாகத் திறக்க முன்பே, 1924 இல் புணானையில் ஆளைத் தின்னும் சிறுத்தை ஒன்று சுடப்பட்டது. இப்போது ஆபத்து மறுபக்கம் திரும்பிவிட்டது. 2024 ஒக்டோபரில் எரிபொருள் ரயில் ஒன்று மின்னேரியாப் பக்கம் யானைகளில் மோதி இரண்டு இறந்தன, எண்ணெய்த் தாங்கி தடம் புரண்டது. 2025 பெப்ரவரி 20 அன்று மீனகயா ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன, அந்த ரயிலும் தடம் புரண்டது. எரிபொருள் ரயில் தீப்பிடித்திருந்தால் சாரதியும் உதவியாளரும் என்ன ஆகியிருப்பார்கள்?

வேகக் கட்டுப்பாட்டுப் பலகையை நேரத்தின் எதிரியாகப் பார்க்காதீர்கள். தாமதம் கேட்டால் பலகையைக் காட்டிப் பதில் சொல்லுங்கள். யானை கண்ட இடத்தையும் நேரத்தையும் அடுத்த நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். பின்னால் வரும் சாரதிக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

14. கடவைக் காப்பாளர்.

கடைசியாக வைத்தேன், நிறையச் சொல்ல வேண்டியிருப்பதால். 2005 ஏப்ரல் 27 அன்று பொல்கஹவலைக்குப் பக்கத்தில் யாங்கல்மோதரையில், மூடிய கடவையைச் சுற்றிக் கடக்க முயன்ற பஸ்ஸை ரயில் அடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடவையில் பஸ்காரருக்குத்தான் ஆபத்து என்று நினைப்போம். ரயிலுக்கும் ஆபத்துத்தான், சாரதியின் மனதுக்கும் ஆபத்துத்தான். ஆளை அடித்த ரயிலின் சாரதி மறுநாள் அதே பாதையில் அதே இடத்தைக் கடக்க வேண்டும். அவருக்கு ஓய்வும் ஆறுதலும் கொடுப்பது வழக்கமாக வேண்டும். கூட இருக்கும் நீங்கள் அவரைத் தனியே விடாதீர்கள்.

கிழக்கிலும் வடக்கிலும் பல கடவைகளைப் பார்த்தவர்கள் பொலிஸ் திணைக்களத்தின் கீழ், நாளுக்கு 250 ரூபாய் கொடுப்பனவில் வேலைக்கு வைக்கப்பட்டவர்கள். நிரந்தர நியமனம் கேட்டு எத்தனை தடவை வீதியில் இறங்கினார்கள் என்பது பேப்பர் பார்ப்பவர்களுக்குத் தெரியும். ஒரு ரயிலில் இருக்கும் நூற்றுக்கணக்கான உயிரை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, அவருக்கு ஒரு நேரச் சாப்பாட்டுக்கே போதாத காசு கொடுப்பது பெரும் அநியாயம். அவர் ஒதுங்க இடமும் குடிக்கத் தண்ணீரும் இல்லாமல் நிற்கும் கடவைகளை நானே பார்த்திருக்கிறேன்.

நீங்கள் நிலையத்தில் வேலைக்குப் போனால், உங்கள் நிலையத்துக்கு இரு பக்கமும் உள்ள கடவைகளுக்கு முதல் வாரத்திலேயே நடந்து போங்கள். காப்பாளரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவரிடம் வேலை செய்யும் டெலிபோன் இருக்கிறதா, இரவு விளக்கு எரிகிறதா, மாற்று ஆள் எத்தனை மணிக்கு வருகிறார் என்று பாருங்கள். இல்லாதவற்றை எழுதி, திகதி போட்டு, மேலதிகாரிக்கு அனுப்பி, ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த மாதம் மறுபடி அனுப்புங்கள். ரயில் தாமதமானால் அவருக்கு அறிவியுங்கள். நேரத்துக்கு வராத ரயிலுக்காகக் கடவையை மூடி வைத்துக்கொண்டு ஊராரிடம் ஏச்சு வாங்குபவர் அவர்தான். அந்த ஏச்சுத் தாங்காமல் ஒருநாள் அவர் கடவையைத் திறந்துவிட்டால், அதற்கு அறிவிக்காமல் விட்ட நிலையமும் பொறுப்பு.